ஓய்வுபெற்ற ராணுவத்தினரை மனநல மருத்துவரிடம் வரவைக்க நோட்டீஸில் என்ன எழுதலாம்?

முன்னாள் படைவீரர் சங்கத்துக்கு நோட்டீஸ் அடிக்கப் போவதாகவும், வாசகம் வேண்டுமென்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவன், ஊர் கோபி பக்கம்.

'மனநோய்' என்ற சொல்லே வேண்டாம். அதைப் படித்ததும் நம்ம ஆள் நோட்டீஸை மடித்துவிடுவார். அந்தப் பயத்துக்கு வேர் சர்வீஸிலேயே இருக்கிறது. ராணுவ மெடிக்கல் பரிசோதனையில் 'ஷேப்' (SHAPE) என்று ஐந்து எழுத்து பார்ப்பார்கள் அல்லவா, அதில் முதல் எழுத்தே மனநிலைக்குத்தான். அதில் முதல் தரமான ஒன்றிலிருந்து இறங்கினால் லோ கேட்டகரி, அதாவது உடல்தகுதி குறைந்தவர் என்ற பிரிவு, பிரமோஷன் அடிபடும். சர்வீஸ் முழுக்க அதைக் காப்பாற்றி வந்தவருக்குப் பென்ஷன் வந்த பிறகும் அந்த நடுக்கம் போகாது. அதனால் முதல் வரியே 'வைத்தியம் பார்த்தால் பென்ஷன் நிற்காது' என்று இருக்கட்டும். அடுத்த வரி, யாருக்கும் தெரியாது என்பது. 2017 மனநலச் சட்டப்படி, சட்டமே விலக்குச் சொல்லும் சில சூழல்கள் தவிர, டாக்டர் உங்கள் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது.

பிறகு அவர்கள் வாயில் வருகிற சொற்களையே போடுங்கள். "ராத்திரி தூக்கமே இல்லீங்க", "நோம்பிக்கு வேட்டுப் போட்டா தூக்கிவாரிப் போடுதுங்க", "புள்ளைங்க மேல சும்மா சும்மா எரிஞ்சு விழறனுங்க". கேன்டீன் ரம்மை மட்டும் இழுக்காதீர்கள், அட்வைஸ் என்று நினைத்து ஒதுங்கிவிடுவார்கள்.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் நலத்துறை 2011-ல் ஒரு பிரசாரம் தொடங்கியது. அதில் சிகிச்சை எடுத்த படைவீரர்களே வீடியோவில் தங்கள் கதையைச் சொன்னார்கள். நமக்கு வீடியோகூட வேண்டாம். ரெஜிமென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு சுபேதார் சாப், "நானும் போனனுங்க, இப்பத் தூங்கறனுங்க" என்று அரை நிமிஷம் பேசினால் போதும். டாக்டர் சொன்னால் காதில் ஏறாதது சாப் சொன்னால் ஏறும்.

வீட்டம்மாவுக்கும் தனியாக ஒரு பத்தி எழுதுங்கள். முதலில் கவனிப்பது அவர்தான். பெரும்பாலும் அழைத்து வருவதும் அவர்தான்.

எங்கே போவது என்பதை ஒரே வரியில் முடியுங்கள். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈ.சி.ஹெச்.எஸ். கார்டு இருந்தால் அதன் பாலிகிளினிக், அங்கிருந்து ரெஃபரல். வெளியே வரவே கூச்சம் என்றால் 14416, அரசின் மனநல ஆலோசனை போன் சேவையான டெலி மானஸ். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். நவம்பரில் வாழ்வுச் சான்றுக்கு வருகிற கூட்டத்தில் கையில் கொடுங்கள். தபாலில் அனுப்பினால் பஞ்சாங்கத்துக்கு அடியில் போய்விடும்.

ஒருவர் 'இருந்து என்ன பிரயோசனம்' என்று பேச ஆரம்பித்திருந்தால் நோட்டீஸ் வேலைக்கு ஆகாது. அன்றைக்கே இரண்டு பேர் வீட்டுக்குப் போங்கள். செக்யூரிட்டி வேலைக்கு லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தால் முறைப்படி ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லுங்கள். தோட்டத்துச் சாளையில் இருக்கிற பூச்சி மருந்தை அப்புறப்படுத்துங்கள். அவரைத் தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.