கோவிட் மாத்திரை: யாருக்கு, எப்போது, எதோடு சேரக் கூடாது?

மருத்துவமனை மருந்தகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். வாயால் விழுங்கும் கோவிட் வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகளைப் பற்றிப் பழைய வட ஆற்காட்டுப் பக்கத்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஆளைப் பார்த்து மருந்து எழுதுவது டாக்டரின் வேலை. அவரிடம் எதைக் கேட்க வேண்டும், எதை மறைக்கக் கூடாது என்று சொல்வதோடு என் வேலை முடிகிறது.

காட்பாடியிலிருந்து ஒரு ரயில்வே ஊழியர்: வயது 34. காய்ச்சல், தொண்டை வலி. பரிசோதனையில் கோவிட் என்று வந்தது. மாத்திரை வாங்கி வைத்துக்கொள்ளட்டுமா ஐயா?

வேண்டாம். உங்களுக்குச் சர்க்கரை இல்லை, தடுப்பூசியும் போட்டிருக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் போன்றவர்களுக்கு நிர்மட்ரெல்விர்–ரிட்டோனவிர் (பாக்ஸ்லோவிட்) என்ற கோவிட் மாத்திரையைக் கொடுத்துச் சோதித்தபோது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அவர்கள் குறிப்பிடும்படி முன்னதாகக் குணமாகவில்லை. பாராசிட்டமால், கஞ்சி, தூக்கம் போதும். மூச்சு வாங்கினாலோ, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 94-க்குக் கீழே காட்டினாலோ மாத்திரையைத் தேட வேண்டாம், மருத்துவமனைக்குப் போங்கள்.

குடியாத்தத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை: அப்பாவுக்கு 71 வயது. சர்க்கரை, ரத்த அழுத்தம், இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஸ்டென்ட் வைத்தோம். அவருக்குக் கோவிட் வந்தால் எந்த மாத்திரை நல்லது?

இந்த மாத்திரைகள் உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்காக வந்தவைதான் அம்மா. முதலிடத்தில் இருப்பது பாக்ஸ்லோவிட் என்ற பெயரில் அறிமுகமான நிர்மட்ரெல்விர்–ரிட்டோனவிர் ஜோடி. வைரஸ் பெருகுவதற்குத் தேவையான ஒரு நொதியை நிர்மட்ரெல்விர் முடக்குகிறது. ரிட்டோனவிருக்கு இங்கே வைரஸோடு சண்டையில்லை. நிர்மட்ரெல்விரைக் கல்லீரல் சீக்கிரம் கரைத்துவிடாமல் காவல் காப்பதே அதன் வேலை. எச்.ஐ.வி. சிகிச்சைக்காக வந்த பழைய மருந்து அது. இந்தியாவில் முதன்முதலாக 1986-இல் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தபோது, சென்னையில் எடுத்த அந்த ரத்த மாதிரிகளைச் சோதித்தது நம் வேலூர் சி.எம்.சி. ஆய்வகம் என்பதை இளைய உறுப்பினர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

பலன் எவ்வளவு? தடுப்பூசி போடாத, ஆபத்து அதிகமுள்ள நோயாளிகளிடம் நடந்த சோதனையில், அறிகுறி தெரிந்த மூன்று நாளுக்குள் மருந்தைத் தொடங்கியவர்களிடையே மருத்துவமனையில் சேர்வதும் இறப்பும் ஏறக்குறைய 89 சதவீதம் குறைந்தன. இன்று எல்லோரும் ஓரளவு எதிர்ப்புச் சக்தியோடு இருப்பதால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் எழுபது வயதில் சர்க்கரையோடு இருப்பவருக்கு நான் இதை அலட்சியப்படுத்த மாட்டேன். ஐந்து நாளுக்குள் தொடங்க வேண்டும். "நாலு நாள் பார்க்கலாம்" என்று உட்கார்ந்திருந்தால் வாய்ப்பு கைநழுவிப் போகும்.

அவரே மீண்டும்: அப்பா தினமும் மெட்ஃபார்மின், டெல்மிசார்டன், அம்லோடிபின், க்ளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின், சிறுநீர்த் தடைக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறார். எல்லாவற்றோடும் சேர்த்துக் கொடுக்கலாமா?

இந்தப் பட்டியலை அனுப்பியதற்கு நன்றி. இங்கே நின்று நிதானமாகப் படியுங்கள். காவல்காரன் ரிட்டோனவிர் ஆள் பார்த்துக் காவல் காப்பதில்லை. நிர்மட்ரெல்விரைக் கரைய விடாமல் தடுக்கும் அதே வேகத்தில் வேறு பல மருந்துகளையும் உடம்பில் தேங்க விடுகிறது.

மெட்ஃபார்மின், டெல்மிசார்டன் இரண்டுக்கும் தொல்லையில்லை. கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடினை அந்தச் சில நாள்கள் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். சிம்வாஸ்டாடினாக இருந்தால் சேர்க்கவே கூடாது. அம்லோடிபினின் வேகம் கூடி அழுத்தம் இறங்கலாம், அளவைக் குறைக்க நேரிடும். டாம்சுலோசினோடு சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் முதியவர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால் கோவிட் தேவலை என்றாகிவிடும். ரத்தம் உறையாமல் காக்கும் க்ளோபிடோக்ரெல் கதையே தலைகீழ்: அதன் பலன் குறைந்துவிடுகிறது. ஸ்டென்ட் வைத்தவர் என்பதால் இதய டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளை பாக்ஸ்லோவிட்கூட வேண்டாம்.

சீட்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். வீட்டிலுள்ள அட்டைகளை எல்லாம் ஒரு பையில் அள்ளிப் போட்டு டாக்டர் மேசையில் கொட்டுங்கள். சீட்டில் இருப்பது ஒன்று, டப்பாவில் இருப்பது வேறொன்று என்பதை மருந்தகச் சன்னலில் தினமும் பார்த்திருக்கிறேன்.

ஆம்பூரில் தோல் தொழிற்சாலைத் தொழிலாளி: காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். நானும் பாக்ஸ்லோவிட் சாப்பிடலாமா?

கூடாது தம்பி. காசநோய் மருந்திலுள்ள ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிட்டு நிர்மட்ரெல்விரை வேலை செய்யவிடாமல் கரைத்துவிடும். இரண்டு நாள் நிறுத்திவிட்டுச் சாப்பிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அதன் தாக்கம் நிறுத்திய பிறகும் நீடிக்கும், காசநோய் சிகிச்சையும் கெடும். வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமாசெபின் சாப்பிடுபவர்களுக்கும் இதே பதில்.

வேலூர் தோட்டப்பாளையத்தில் லாட்ஜ் நடத்துபவர்: சிறுநீரகம் மாற்றிக்கொண்ட வங்காளத்துக்காரர் ஒருவர் மறுபரிசோதனைக்காக வந்து என் லாட்ஜில் தங்கியிருக்கிறார். காய்ச்சல், கோவிட் உறுதியாகியிருக்கிறது. பக்கத்துக் கடையில் மாத்திரை வாங்கித் தரட்டுமா?

தயவுசெய்து வேண்டாம். 1971-இலேயே சிறுநீரக மாற்று அறுவை வெற்றிகரமாக நடந்த ஊர் இது. அவருக்குச் சிகிச்சை அளிக்கும் துறைக்கு உடனே தொலைபேசியில் சொல்லுங்கள். மாற்றி வைத்த உறுப்பை உடம்பு நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸை அவர் சாப்பிடுபவராக இருப்பார். ரிட்டோனவிர் சேர்ந்தால் அது ரத்தத்தில் பல மடங்கு ஏறி, மாற்றி வைத்த சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். இவருக்கு ஆபத்தும் அதிகம், சிகிச்சையும் அவசியம். பெரும்பாலும் மூன்று நாள் ரெம்டெசிவிர் ஊசியைத் தேர்ந்தெடுப்பார்கள். மொழி தெரியாமல் அவர் திண்டாடினால் நீங்களே கூடப் போய் வாருங்கள், புண்ணியமாகப் போகும்.

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர்: 2022-இல் வாங்கிய மோல்னுபிராவிர் என்ற கோவிட் மருந்து டப்பா பீரோவில் இருக்கிறது. திருமணமாகி மூன்று மாதம் ஆகிறது. இப்போது கோவிட் வந்திருக்கிறது, சாப்பிடலாமா?

முதலில் டப்பாவைத் திருப்பிக் காலாவதித் தேதியைப் பாருங்கள், அதிலேயே விடை கிடைத்துவிடும். தேதி இருந்தாலும் உங்கள் நிலையில் நான் தொட மாட்டேன்.

2021 டிசம்பர் கடைசியில் இந்தியாவில் இதற்கு அவசரகால அனுமதி கிடைத்தது. 200 மில்லிகிராம் காப்சியூல் காலையில் நான்கு, இரவில் நான்கு, ஐந்து நாளில் மொத்தம் 40. அடுத்த மாதமே பாதுகாப்புக் கவலைகளைச் சொல்லி, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) அன்றைய தலைவர் பல்ராம் பார்கவா இது தேசிய சிகிச்சை நெறிமுறையில் சேர்க்கப்படவில்லை என்றார். கடைகளில் விற்பனை அதற்காக நிற்கவில்லை என்பது வேறு விஷயம். இது வைரஸின் மரபுக் குறியீட்டில் பிழைகளைப் புகுத்தி அதை அழிக்கும் மருந்து. அதனால் கர்ப்பிணிகளுக்குக் கூடாது. சாப்பிடும் பெண்கள் கடைசி மாத்திரைக்குப் பின் நான்கு நாள், ஆண்கள் மூன்று மாதம் கருத்தடையைக் கையாள வேண்டும். 18 வயதுக்குக் கீழே கொடுப்பதில்லை.

பலனும் சுமார்தான். முதல் பெரிய சோதனையில் மருத்துவமனைச் சேர்க்கையும் இறப்பும் 9.7 சதவீதத்திலிருந்து 6.8 சதவீதமாகக் குறைந்தன. தடுப்பூசி போட்டவர்களே பெரும்பாலும் பங்கேற்ற பிரிட்டன் சோதனையில் நோயாளிகள் சில நாள் முன்னதாகத் தேறினார்கள். மருத்துவமனைச் சேர்க்கையோ இறப்போ குறையவில்லை. ஒரே ஒரு நற்குணம், மற்ற மருந்துகளோடு மோதாது. பாக்ஸ்லோவிட் சேராத முதியவருக்கு வேறு வழியே இல்லையென்றால் டாக்டர் இதை யோசிப்பார்.

ஆரணியிலிருந்து ஒரு நெசவாளர்: மருந்துக் கடையில் சொன்னதும் ஒரு காகித உறையில் ஃபாவிபிராவிர், அசித்ரோமைசின், டெக்ஸாமெதசோன் போட்டுக் கொடுத்தார்கள். சாப்பிடட்டுமா?

உறையை மூடி வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். 2020-இல் கோவிட் மாத்திரையாக ஃபாவிபிராவிர் வந்தபோது முதல் நாளே 18 மாத்திரை விழுங்கியவர்கள் உண்டு. பின்னர் நடந்த நல்ல சோதனைகளில் அதனால் பலன் தெரியவில்லை, யூரிக் அமிலம் ஏறியதுதான் மிச்சம். அசித்ரோமைசின் பாக்டீரியாவுக்கான மருந்து. மூன்றாவதுதான் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு, ஆக்சிஜன் தேவைப்படுபவர்களின் உயிரைக் காத்த மருந்து. தேவைப்படாதவர்களுக்கு அதனால் நன்மையில்லை. உங்களுக்குச் சர்க்கரை இருந்தால் அதை எகிறவும் வைக்கும்.

வாணியம்பாடி: பாக்ஸ்லோவிட் சாப்பிடும் என் மாமியார் வாயெல்லாம் வேப்பங்காய் கசக்கிறது என்கிறார். நிறுத்தலாமா?

நிறுத்த வேண்டாம். கசப்பும் வயிற்றுப்போக்கும் பலருக்கு வருபவை, மருந்து முடிந்ததும் போய்விடும். அவருக்குச் சிறுநீரகம் பலவீனமென்றால் ஒன்றைச் சரிபாருங்கள்: வழக்கமாக ஒரு வேளைக்கு நிர்மட்ரெல்விர் இரண்டு, ரிட்டோனவிர் ஒன்று. சிறுநீரக வடிகட்டும் திறன் (eGFR) 30-க்கும் 60-க்கும் இடையில் இருந்தால் நிர்மட்ரெல்விர் ஒன்று, ரிட்டோனவிர் ஒன்றுதான்.

பேரணாம்பட்டு: பாக்ஸ்லோவிட் முடித்து நெகட்டிவ் ஆன அண்ணனுக்கு நான்காம் நாள் மறுபடி பாசிட்டிவ். மருந்து போலியா?

போலி என்று சொல்ல முடியாது. இப்படித் திரும்புவது தெரிந்த விஷயம்தான். 2022 ஜூலையில் அமெரிக்க அதிபர் பைடனுக்கே நடந்தது. மருந்தே சாப்பிடாதவர்களிடமும் இது உண்டு. பெரும்பாலும் லேசாக வந்து போகும், மறுபடி ஒரு சுற்று மாத்திரை தேவையில்லை. முகக்கவசத்தை மட்டும் மீண்டும் எடுத்து மாட்டச் சொல்லுங்கள்.

அணைக்கட்டு: கோவிட் வந்து போய் எட்டு மாதமாகியும் சோர்வு விடவில்லை. பாக்ஸ்லோவிட் மாத்திரையை இப்போது சாப்பிட்டால் தெளியுமா?

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இதற்காகவே 15 நாள் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் தெரியவில்லை. அந்தப் பணத்தில் தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.