பேஸ்பாலில் ஒரு ரிலீவருக்காக நல்ல இளம் வீரரைக் கொடுப்பது சரியா?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது 2025 டிசம்பரில் சியாட்டில் மேரினர்ஸ் செய்த டிரேடை, அதாவது வீரர் பரிமாற்றத்தைப் பற்றி. ஹாரி ஃபோர்ட் என்ற இளம் கேட்சரையும் (பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்) ஒரு மைனர் லீக் (இரண்டாம் நிலை லீக்) பிட்சரையும் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, ஹோசே ஃபெரர் என்ற இடது கை ரிலீவரை வாங்கினார்கள். ஃபோர்ட் 2021 டிராஃப்டில் (அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் சுற்றிலேயே, 12-ஆவதாக எடுக்கப்பட்டவர். அப்படிப்பட்டவரைக் கொடுத்து, ஆட்டத்துக்கு ஒரு இன்னிங்ஸ் மட்டும் பந்து வீசும் ஆளை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மேரினர்ஸ் ரசிகன். என் பதில்: பொதுவாக வாங்கக் கூடாது. இந்த ஒரு டிரேடை மட்டும் அரை மனதோடு ஏற்றுக்கொள்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

பேஸ்பால் அதிகம் பார்க்காதவர்களுக்காக முதலில் கொஞ்சம். ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். பந்து வீசுபவர் பிட்சர், ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஸ்டார்ட்டர். இப்போதெல்லாம் அவர் ஐந்து அல்லது ஆறு இன்னிங்ஸ் வீசினாலே பெரிய விஷயம். மீதியை ரிலீவர்கள் முடிக்க வேண்டும். கடைசி இன்னிங்ஸில் முன்னிலையைக் காப்பாற்ற வருபவர் குளோசர். ஒரு அணியில் 26 பேர்தான் இருக்கலாம், அதில் பிட்சர்கள் 13 பேருக்கு மேல் கூடாது. ஐந்து ஸ்டார்ட்டர்கள் போக எட்டு ரிலீவர்கள். இந்த எட்டு இடங்களை நிரப்புவதுதான் ஜெனரல் மேனேஜர்களின் தூக்கத்தைக் கெடுக்கிற வேலை.

ஒரு நல்ல ரிலீவர் ஆண்டுக்கு 60, 70 இன்னிங்ஸ் வீசுவார். அவ்வளவு குறைவான பந்துகளில் ஒருவரின் உண்மையான திறமையைக் கணிப்பது கஷ்டம். நான்கு பந்துகள் தப்பாகப் போனால் அந்த ஆண்டுக் கணக்கே நாசம். போன வருஷம் யாராலும் தொட முடியாதவராக இருந்தவர் இந்த வருஷம் அடி வாங்குவது சர்வசாதாரணம். ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு வீசுவதால் முழங்கையும் தோளும் சீக்கிரம் போய்விடும். இன்னொன்று, ரிலீவர்களில் பெரும்பாலோர் ஸ்டார்ட்டராக நிலைக்க முடியாமல் இந்தப் பக்கம் வந்தவர்கள். அதனால் புதிய ரிலீவர்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். தேடிப் பிடித்து உருவாக்க முடியும் என்கிறபோது சொத்தை விற்று வாங்குவானேன்?

மேரினர்ஸ் ரசிகர்களுக்கு இந்தப் பாடம் 1997 ஜூலை 31-ஆம் தேதியே கிடைத்துவிட்டது. அந்த ஆண்டு கென் கிரிஃபி ஜூனியர் 56 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தார். ராண்டி ஜான்சன், எட்கர் மார்ட்டினஸ், அலெக்ஸ் ரோட்ரிகஸ் என்று அணி நிறைய ஜாம்பவான்கள். புல்பென், அதாவது ரிலீவர் கூட்டம் மட்டும் ஓட்டைப் பானை. டிரேட் கெடு முடியும் அந்த ஒரே நாளில் இரண்டு வேலை செய்தார்கள். ஹீத்க்ளிஃப் ஸ்லோகம் என்ற ரிலீவருக்காக டெரக் லோ, ஜேசன் வாரிடெக் என்ற இரண்டு இளைஞர்களை பாஸ்டன் ரெட் சாக்ஸுக்குக் கொடுத்தார்கள். மைக் டிம்லின், பால் ஸ்போல்ஜாரிக் என்ற இன்னும் இரண்டு ரிலீவர்களுக்காக ஹோசே குரூஸ் ஜூனியரை டொரண்டோவுக்கு அனுப்பினார்கள்.

அந்த ஆண்டு பிளேஆஃபின் முதல் சுற்றிலேயே பால்டிமோரிடம் தோற்று வெளியே வந்தார்கள். ஸ்லோகம் அடுத்த ஆண்டோடு போய்விட்டார். லோவும் வாரிடெக்கும்? 2004-இல் ரெட் சாக்ஸ் 86 ஆண்டுகளுக்குப் பிறகு வேர்ல்டு சீரிஸ் (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர்) வென்றபோது, மூன்று சுற்றுகளிலும் தொடரை முடித்துவைத்த ஆட்டத்தின் வெற்றி டெரக் லோ பெயரில்தான் பதிவானது. வாரிடெக் அந்த அணியின் கேட்சர், பிறகு கேப்டன். மேரினர்ஸ் இன்றுவரை வேர்ல்டு சீரிஸ் பக்கமே போனதில்லை. முப்பது அணிகளில் அப்படி இருப்பது எங்கள் அணி ஒன்றுதான்.

சரி, கொடுத்த இளம் வீரர்கள் எல்லோரும் நட்சத்திரம் ஆகிவிடுகிறார்களா? இல்லை. 2018-இல் எங்கள் குளோசர் எட்வின் டியாஸ் 57 சேவ் (முன்னிலையைக் காப்பாற்றி ஆட்டத்தை முடித்தது) எடுத்தார். மைனர் லீக்கில் ஸ்டார்ட்டராக இருந்தவரை 2016-இல் ரிலீவராக மாற்றி உருவாக்கியது எங்கள் அணிதான். அந்த 57 சேவ் வந்த கையோடு அவரை நியூயார்க் மெட்ஸுக்கு விற்றார்கள். கூடவே ராபின்சன் கனோவின் பெரிய சம்பள ஒப்பந்தத்தையும் அவர்கள் தலையில் கட்டினார்கள். பதிலுக்கு வந்தவர்களில் முக்கியமானவர் ஜாரெட் கெலனிக், 2018 டிராஃப்டில் ஆறாவது இடத்தில் எடுக்கப்பட்டவர். மெட்ஸுக்குப் போன முதல் ஆண்டில் டியாஸின் சராசரி (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன், குறைவாக இருந்தால் நல்லது) 5.59. நியூயார்க் ரசிகர்கள் கொந்தளித்தார்கள். கெலனிக்கோ 2021-இல் வந்து .181 என்ற மோசமான பேட்டிங் சராசரிதான் எடுத்தார், கடைசிவரை சியாட்டிலில் வேரூன்றவே இல்லை. 2022-இல் டியாஸ் 62 இன்னிங்ஸில் 118 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து (மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றி) தான் யார் என்று காட்டினார். இரண்டு பக்கமும் எவ்வளவு நிச்சயமில்லாத சரக்கு என்பது இந்த டிரேடைப் பார்த்தால் தெரியும். ஆனாலும் உச்சத்தில் இருக்கும் குளோசரை விற்றது அந்த நேரத்தில் சரியான முடிவு என்றே இன்றும் சொல்வேன்.

உருவாக்குவது என்று சொன்னேனே, அதற்கு எங்கள் அணியிலேயே நல்ல உதாரணங்கள் உண்டு. பால் சீவால்டை மெட்ஸ் கைவிட்டது. 2021 ஜனவரியில் சாதாரண மைனர் லீக் ஒப்பந்தத்தில் சியாட்டிலுக்கு வந்தார். ஃபாஸ்ட்பாலை உயரமாக வீசு, ஸ்லைடரை அகலமாகத் திருப்பு என்று வழி காட்டினார்கள். அந்த ஆண்டே 104 ஸ்ட்ரைக் அவுட். ஆண்ட்ரெஸ் முன்யோஸ் கதை இன்னும் அழகு. 2020-இல் முழங்கை அறுவை சிகிச்சை முடிந்து, ஒரு பந்துகூட வீச முடியாத நிலையில் இருந்தவரை சான் டியேகோவிலிருந்து வாங்கினார்கள். அங்கே பிளேஆஃபுக்காக உடனே ஆட்கள் தேவைப்பட்டார்கள், காத்திருக்க நேரமில்லை. எங்களுக்கு நேரம் இருந்தது. அதே முன்யோஸ் 2025-இல் 38 சேவ், சராசரி 1.73. கேப் ஸ்பீயர் வேவர்ஸில் வந்தவர், அதாவது பழைய அணி வேண்டாம் என்று விட்டவரைச் சும்மா எடுத்துக்கொண்டது.

விற்பதிலும் ஒரு நேரம் காலம் இருக்கிறது. இந்த இடத்தில் என் அணி மேல் எனக்குக் கோபம் உண்டு. 2021 ஜூலை 26 அன்று ஹூஸ்டனுக்கு எதிராக 0-7 என்று பின்தங்கி, 11-8 என்று ஜெயித்தார்கள். டிலன் மூரின் கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் இருக்கும்போது அடிக்கும் ஹோம் ரன், நான்கு ரன்). ஊரே ஆடியது. மறுநாள், 0.82 சராசரியில் வீசிக்கொண்டிருந்த கெண்டல் கிரேவ்மனை, எந்த அணியை அடித்தார்களோ அதே ஹூஸ்டனுக்கு விற்றார்கள்! டிரஸ்ஸிங் ரூமில் வீரர்கள் கொதித்துப் போனதாகச் செய்திகள் வந்தன. பதிலுக்கு வந்த ஏப்ரஹாம் டோரோ ஆகஸ்ட் 31 அன்று அதே கிரேவ்மன் பந்தில் கிராண்ட் ஸ்லாம் அடித்து 4-0 என்று ஜெயிக்க வைத்தார் என்பது உண்மைதான். ஆனால் அந்த சீசனில் 90 வெற்றி எடுத்தும் பிளேஆஃபுக்கு இரண்டு வெற்றி குறைந்தது.

2023-இல் மறுபடியும் அதே கதை. ஜூலை கடைசியில் சீவால்டை அரிசோனாவுக்குக் கொடுத்து ஜாஷ் ரோஹாஸ், டொமினிக் கான்சோன், ரயன் பிளிஸ் மூவரையும் வாங்கினார்கள். ஒரு ரிலீவருக்கு மூன்று பேர். காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் 88 வெற்றியோடு ஒரே ஒரு வெற்றியில் டொரண்டோவிடம் பிளேஆஃபின் கடைசி இடத்தை இழந்தார்கள். சீவால்ட் அரிசோனாவோடு வேர்ல்டு சீரிஸுக்கே போனார். வாய்ப்பு பறிபோன இரவில் கேட்சர் கால் ராலே, அணியில் இன்னும் ஆள் சேர்க்க வேண்டும் என்று செய்தியாளர்களிடம் வெளிப்படையாகப் பேசினார். அவர் பேசியது நியாயம். ரிலீவரை நவம்பரில் விற்கலாம். பந்தயத்தின் நடுவில் விற்றால் மீதி 25 பேருக்கும், உங்கள் மேல் எங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது.

2025 ஜூலையில் இதைத் திருத்திக்கொண்டார்கள். அரிசோனாவிலிருந்து ஜாஷ் நெய்லரும் யூஹேனியோ சுவாரஸும் வந்தார்கள். கொடுத்தது பிராண்டின் கார்சியா, ஹுவான் புர்கோஸ் மாதிரி இளம் ரிலீவர்களையும், இடம் கிடைக்காத டைலர் லாக்லியர் மாதிரி ஆட்களையும். கோல்ட் எமர்சன், லாசரோ மாண்டெஸ் போன்ற முதல் வரிசை இளைஞர்களில் ஒருவரும் போகவில்லை. ரிலீவர்களைக் கொடுத்து பேட்டர்களை வாங்கு. நான் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான்.

அந்த அணி ஏ.எல். (அமெரிக்கன் லீக்) இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை போனது. அக்டோபர் 20, டொரண்டோ. ஏழாவது இன்னிங்ஸ், 3-1 முன்னிலை. எங்கள் பிட்சர் பிரயன் வூ ஒரு வாக் (அடிக்காமலே முதல் பேஸுக்குப் போக விடுவது), ஒரு சிங்கிள் கொடுத்தார், அடுத்தவர் பன்ட் செய்து (பந்தை மெல்லத் தட்டி) இரண்டு பேரையும் முன்னே நகர்த்தினார். இரண்டாவது, மூன்றாவது பேஸில் ஆள், ஒரு அவுட், அடிக்க வருவது ஜார்ஜ் ஸ்பிரிங்கர். மேனேஜர் டேன் வில்சன் எட்வர்ட் பசார்டோவைக் கூப்பிட்டார். ஸ்பிரிங்கர் இடது பக்கம் தூக்கி அடித்தார், மூன்று ரன். 4-3 என்று தோல்வி. முன்யோஸ் அந்த ஆட்டத்தில் ஒரு பந்துகூட வீசவில்லை.

பசார்டோமேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சீசன் முழுக்க 70-க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் சுமை தூக்கியவர். என் வருத்தம் வேறு. பும்ராவைப் பத்தொன்பதாவது ஓவருக்கு என்று நிறுத்தி வைத்துவிட்டு, ஆட்டம் பதினாறாவது ஓவரிலேயே கையை விட்டுப் போனால் எப்படி இருக்கும்? ஒன்பதாவது இன்னிங்ஸ் வரட்டும் என்று சிறந்த ரிலீவரை வைத்திருந்தார்கள், ஆனால் அந்த சீசனையே தீர்மானிக்கும் கட்டம் ஏழாவது இன்னிங்ஸில் வந்துவிட்டது. நாளை என்று ஒன்று இல்லாத ஆட்டத்தில் முன்யோஸ் அங்கே வந்திருக்க வேண்டும். எட்டாவதையும் ஒன்பதாவதையும் மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னொரு விஷயம், ரசிகர்கள் அதிகம் பேசாதது. எட்டு ரிலீவர்களில் கடைசி இரண்டு பேர் யார் என்பதைப் பல நேரம் திறமை முடிவு செய்வதில்லை, விதிகள் முடிவு செய்கின்றன. ஆப்ஷன் (வேறு அணிக்குப் பறிகொடுக்காமல் கீழே அனுப்பும் உரிமை) மிச்சம் இருக்கும் பிட்சரை மைனர் லீக்குக்கு அனுப்பித் திரும்பக் கூப்பிடலாம், ஒரு சீசனில் ஐந்து முறை வரை. ஆப்ஷன் தீர்ந்தவரை அனுப்பினால் வேறு அணி தூக்கிக்கொள்ளும். அதனால் நேற்று 40 பந்து நன்றாக வீசிய பையனை இன்று எங்கள் மைனர் லீக் அணி இருக்கும் டகோமாவுக்கு அனுப்புவார்கள். சியாட்டிலிலிருந்து ஒரு மணி நேர கார் பயணம்தான், ஆனால் யாருக்கும் காயம் ஏற்படாவிட்டால் பதினைந்து நாள் திரும்ப முடியாது. அவன் செய்த தப்பு ஒன்றுமில்லை. அவனை அனுப்ப முடியும், அவ்வளவுதான். ஒரு ரிலீவரை வாங்கும்போது ஆப்ஷன் எத்தனை மிச்சம், எத்தனை வருஷம் நம் கையில் இருப்பார் என்பதையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

இளம் வீரர்கள் விஷயத்தில் என் அணி ஒரு பெரிய அவமானத்தைக் கடந்து வந்திருக்கிறது. ஆறு வருஷ சேவை முடிந்தால் வீரர் சுதந்திரமாக எந்த அணிக்கும் போகலாம். ஒரு வருஷ சேவை என்பது 172 நாள். சில வாரம் தாமதமாகக் கூப்பிட்டால் அணிக்கு ஒரு வருஷம் கூடுதலாகக் கிடைக்கும். 2021 பிப்ரவரியில் அணி நிர்வாகத்தின் தலைவராக இருந்த கெவின் மாதர், கெலனிக் விஷயத்தில் இந்தக் கணக்கு இருந்ததை ஒரு கூட்டத்தில் பேசி, வீடியோ வெளியாகி, பதவி விலக வேண்டி வந்தது. அடுத்த ஆண்டு ஹுலியோ ரோட்ரிகஸை 21 வயதில் முதல் நாளே இறக்கினார்கள். அவர் சிறந்த புதுமுக விருது வென்றார், புதிய விதிப்படி அணிக்குக் கூடுதல் டிராஃப்ட் வாய்ப்பும் கிடைத்தது. அதில் எடுத்த பையன்தான் ஜானி ஃபார்மெலோ. தயாராக இருப்பவனை ஆட விட்டால் நஷ்டம் இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இனி ஃபோர்டுக்கு வருகிறேன். அவர் கேட்சர். எங்கள் கேட்சர் 2025-இல் 60 ஹோம் ரன் அடித்த கால் ராலே, ஆறு வருஷ ஒப்பந்தத்தில் இருப்பவர். ஃபோர்ட் இங்கே இருந்தால் வாரத்துக்கு ஒரு ஆட்டம், மீதி நாள் பெஞ்ச். அது அவருக்கும் நல்லதில்லை. விற்க வேண்டியதுதான். ஆனால் ரிலீவருக்கா? ஒரு பேட்டரோ ஸ்டார்ட்டரோ கிடைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஃபெரர் வேகமான சிங்க்கர் (கீழே இறங்கும் பந்து) வீசி பந்தைத் தரையில் உருள வைப்பவர், இன்னும் பல வருஷம் அணியின் கட்டுப்பாட்டில் இருப்பார். இடது கையில் பெரும்பாலும் ஸ்பீயரையே நம்பி அக்டோபரில் ஆடியதைப் பார்த்தவன் என்பதால் தேவை எனக்குப் புரிகிறது. அரை மனது என்று சொன்னது இதனால்தான்.

எமர்சனையும் இப்படி ஒரு ரிலீவருக்காகக் கேட்டால் என் பதில் கண்டிப்பாக வேண்டாம். அவன் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்பவன்), இங்கே அவனுக்கு இடம் இருக்கிறது. ஃபெரர் வந்தாகிவிட்டது. வில்சன் அவருக்கு எட்டாவது இன்னிங்ஸ் என்று முத்திரை குத்தாமல், ஆறாவதோ ஏழாவதோ, பேஸில் ஆள் இருக்கும்போது கூப்பிடட்டும். முன்யோஸையும் அப்படியே.