பூ வாடினால் பணம் போச்சா?

கேள்வி (சத்துவாச்சாரி வாசகி): ரோட்டோர நர்சரி ஒன்றில் டிரடெஸ்காண்டியா என்று சொல்லி, தொட்டியோடு சேர்த்து 280 ரூபாய்க்கு ஒரு செடி வாங்கினேன். வாங்கும்போது பத்துப் பன்னிரண்டு ஊதாப் பூக்கள் இருந்தன. "வீட்டுக்குள்ளேயே வைக்கலாம், பூத்துக்கொண்டே இருக்கும்" என்றார் கடைக்காரர். ஹாலில் டிவி பக்கத்தில் வைத்தேன். மூன்றே நாளில் ஒரு பூ இல்லை. இரண்டு மாதத்தில் தண்டு நீண்டு, அடி இலை காய்ந்து, சவலைப் பிள்ளை மாதிரி நிற்கிறது. ஏமாந்துவிட்டேனா? செடியைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாமா?

பதில்: பூ போனதற்காகப் பணம் கேட்க முடியாது அம்மா. இந்தச் செடியின் பூ ஒரு நாள் பூ. காலையில் மூன்று இதழோடு விரியும், சாயங்காலத்துக்குள் சுருண்டுவிடும். மழைக்காலத்தில் நம் வரப்புகளில் நீலமாகப் பூக்கும் கானாவாழையைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே குடும்பம், அதற்கும் மதியத்தோடு சரி. ஆனால் ஒரு கொத்தில் மொட்டுகள் வரிசையாக இருக்கும். இன்று ஒன்று போனால் நாளை இன்னொன்று விரியும். உங்கள் செடியில் அந்த வரிசை நின்றுபோனதற்குக் காரணம் வெளிச்சம் போதாததுதான். கடைக்காரர் "வீட்டுக்குள்ளே" என்றது சரி, "ஜன்னல் ஓரம்" என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் குறை அவருடையதுதான்.

டிவி பக்கத்தில் நமக்குப் பேப்பர் படிக்க வெளிச்சம் போதும், செடிக்குப் போதாது. வெளிச்சத்தைத் தேடித்தான் தண்டு நீள்கிறது. கிழக்கு ஜன்னல் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் படட்டும். மேற்கு ஜன்னல் வேலூர் கோடையில் ஆகவே ஆகாது. கத்திரி வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு மேல் அந்த ஜன்னல் கம்பியில் கை வைத்துப் பாருங்கள், புரியும். வேண்டுமானால் நாலடி உள்ளே தள்ளி வையுங்கள்.

வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று எழுதியிருப்பதைப் படித்து ஒதுக்கிவிடாதீர்கள். அது குளிர் நாட்டுக்காரர்களுக்கு. நம் ஊரில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் கொஞ்சம் வெயில் விழும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும், அப்போது தெற்கு ஜன்னல் நல்லது. எங்கள் வீட்டில் ஆவணி பிறந்தால் தொட்டிகள் இடம் மாறும்.

அடுத்தது தண்ணீர். தினமும் ஒரு டம்ளர் என்று கணக்கு வைக்காதீர்கள். விரலை ஒரு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் அடித்துளை வழியாக வழியும்வரை ஊற்றுங்கள். ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாரம் ஒரு தடவையே கூடப் போதும். கடைகளில் அழகுத் தொட்டி என்று துளையில்லாத தொட்டியில் வைத்துத் தருகிறார்கள். அதில் வைத்த செடி அழுகத்தான் செய்யும். துளை போட்டு வாங்குங்கள், இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நம் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர்தான். குழாய் வாயில் வெள்ளையாக உப்புப் படிகிறதென்றால் தொட்டி மண்ணிலும் அதே படியும், இலை நுனி பழுப்பாகும். மாதம் ஒரு முறை தொட்டியை வெளியே கொண்டுபோய் நிறைய நல்ல தண்ணீர் ஊற்றி அலசிவிடுங்கள். மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் ஆகும். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை மட்டும் செடிக்கு ஊற்றாதீர்கள், பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

சரி, இப்போது நிற்கிற செடியை என்ன செய்வது? தூக்கிப் போடாதீர்கள். உங்கள் 280 ரூபாய் அந்தத் தண்டில் பத்திரமாக இருக்கிறது. கணுவுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு சாண் நீளத்துக்குத் தண்டுகளை வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் வழவழவென்று சாறு நூல் மாதிரி இழுபடும், பயப்பட வேண்டாம். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, கணு மூழ்கும்படி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வையுங்கள். பத்து நாளைக்குள் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். செம்மண், தேங்காய் நார்த்தூள், மண்புழு உரம் மூன்றும் சம அளவு கலந்து, ஒரே தொட்டியில் ஐந்தாறு தண்டாக நடுங்கள். ஒற்றைத் தண்டு நட்டால் எப்போதும் ஒல்லியாகத்தான் இருக்கும். நட்டபின் நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்கக் கிளை வரும், அந்த நுனிகளில்தான் பூ வரும். உரம் குறைவாகப் போடுங்கள். உரம் அதிகமானால் இலை கொழுக்கும், பூவைக் காணோம்.

நான் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பூவைப் பார்த்து விலை கொடுத்து, வாடியதும் தூக்கிப்போட்டு, மறுபடி வாங்கப் போகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அடுத்த தடவை நர்சரிக்குப் போனால் பூவை எண்ணாதீர்கள். கணுவுக்குக் கணு நெருக்கமாக இருக்கிறதா, அடியில் பல தண்டு கிளம்பியிருக்கிறதா, இலைக் கக்கத்தில் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். பூ இல்லாத செடியைக் குறைந்த விலைக்கே கொடுப்பார்கள், தைரியமாகப் பேரம் பேசுங்கள். பக்கத்து வீட்டில் இந்தச் செடி இருந்தால் வாங்கவே வேண்டாம், இரண்டு தண்டு கேளுங்கள்.

கேள்வி (ஆற்காடு வாசகர்): செடி, பீங்கான் தொட்டி இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாக எழுதி, மொத்தத்துக்கும் ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்கள். சரியா?

பதில்: உயிருள்ள செடிக்கு ஜிஎஸ்டி கிடையாது. தொட்டிக்கு உண்டு. இரண்டையும் தனித்தனி வரியில் எழுதி பில் போடச் சொல்லுங்கள்.

கேள்வி (ராணிப்பேட்டை வாசகர்): ஆன்லைனில் 449 ரூபாய்க்கு இதே செடியை வாங்கினேன். சொன்ன தேதிக்கு ஐந்து நாள் கழித்து வந்தது. பெட்டியைத் திறந்தால் தண்டு முழுவதும் அழுகியிருந்தது. "உயிருள்ள பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை" என்கிறார்கள்.

பதில்: அப்படி எழுதி வைத்துவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடாது. மின்வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, பொருள் குறையோடு வந்தாலோ, விளம்பரத்தில் காட்டியதுபோல இல்லாவிட்டாலோ, சொன்ன நாளுக்குப் பிந்தி வந்தாலோ, திரும்ப எடுக்கவோ பணம் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. உங்கள் விஷயத்தில் குறையும் இருக்கிறது, தாமதமும் இருக்கிறது. பெட்டி, முகவரிச் சீட்டு, அழுகிய தண்டு மூன்றும் தெரியும்படி போட்டோ எடுத்து அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று அவர் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். இந்த மாதிரிச் சின்னத் தொகைகள் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும் என்பது என் அனுபவம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கம்பெனி டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை.

அப்புறம், அழுகிய செடியில் நுனிப் பக்கம் இரண்டு கணு பச்சையாக இருந்தால் போட்டோ எடுத்த பிறகு வெட்டித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பிழைத்தாலும் பிழைக்கும்.

கேள்வி (குடியாத்தம் வாசகி): எங்கள் பூனை இந்த இலையைக் கடிக்கிறது. ஆபத்தா?

பதில்: சாறு பட்டால் பூனைக்கும் நாய்க்கும் தோல் அரிக்கும், வாயில் எரிச்சல் வரும். வெட்டும்போது சிலருக்குக் கையிலும் அரிக்கும், உடனே கழுவுங்கள். தொங்கும் தொட்டியில் போட்டு, பூனை தாவ முடியாத உயரத்தில் ஜன்னல் கம்பியில் மாட்டுங்கள். இந்தச் செடி தொங்கினால்தான் அழகும்கூட.