பெப்டைட் கேப்ஸ்யூல் இதயத்தைப் புதுப்பிக்குமா?

கேள்வி: டாக்டர், என் அப்பாவுக்கு 64 வயது. நாலு மாதம் முன்பு ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொலஸ்ட்ராலுக்கு ஒரு ஸ்டேட்டின் என்று சாப்பிட்டு வருகிறார். ‘பயோரெகுலேட்டர் பெப்டைட்’ இதயத் தசையையே புதுப்பிக்கும், பக்கவிளைவே கிடையாது என்று யாரோ வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். அதை வாங்கிக்கொண்டு மற்ற மாத்திரைகளை விட்டுவிடலாமா என்று கேட்கிறார்.

பதில்: விடவே கூடாது. இதை இன்றைக்கே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். ஸ்டென்ட் என்பது ரத்தக் குழாய்க்குள் உட்கார்ந்திருக்கும் உலோக வலை. அதன்மேல் குழாயின் உள்தோல் படர்ந்து மூடப் பல மாதங்கள் ஆகும், அதுவரை ரத்தத் தட்டணுக்கள் அதில் ஒட்டிக் கட்டியாக உறையப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும். நடுவில் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட் திடீரென அடைத்து மாரடைப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை ஸ்டென்ட் வைத்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சரி, பெப்டைட் விஷயத்துக்கு வருவோம். புரதத்தில் அமினோ அமிலங்கள் நூற்றுக்கணக்கில் கோத்திருக்கும், வீடியோவில் சொல்லும் இந்தப் பெப்டைடுகளில் இரண்டு, மூன்று, நாலு அமினோ அமிலங்கள்தான். 1970-களில் சோவியத் யூனியனின் லெனின்கிராடு ராணுவ மருத்துவ அகாடமியில் விளாதிமிர் காவின்சனும் அவருடன் இருந்தவர்களும் கன்றுக்குட்டிகளின் உறுப்புகளிலிருந்து சாறு எடுத்து இந்த ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள், பிறகு அதே வழியில் குட்டிப் பெப்டைடுகளைச் செயற்கையாகவே செய்தார்கள். இதயத்துக்கென்று சொல்லப்படும் கார்டியோஜெனில் அலனின், குளுட்டாமிக் அமிலம், அஸ்பார்ட்டிக் அமிலம், ஆர்ஜினின் என நாலு. ரத்தக் குழாய்க்கென்று சொல்லப்படும் வெசுஜெனில் மூன்று. இவை மிகச் சிறியவை என்பதால் செல்லின் உட்கருவரை போய் டிஎன்ஏவில் ஒட்டி, சில மரபணுக்களின் வேலையைக் கூட்டிக் குறைக்கின்றன என்பது அவர்கள் வாதம். ஆய்வகத் தட்டில் வளர்த்த எலியின் இதயத் திசுவில் கார்டியோஜெனைச் சேர்த்தபோது திசுவின் வளர்ச்சி கூடியதாகவும் எழுதியிருக்கிறார்கள்.

எனக்கும் இது ஆர்வமான விஷயம்தான், தூக்கி எறிய மாட்டேன். ஆனால் தட்டில் இருக்கும் எலித் திசுவுக்கும் உங்கள் அப்பாவின் நெஞ்சுக்கும் இடையில் தூரம் ரொம்ப அதிகம். மனித இதயத் தசைச் செல்கள் 25 வயதில் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம்தான் புதிதாகின்றன, 75 வயதில் அதில் பாதிகூட இல்லை என்று 2009-இல் அளந்து காட்டினார்கள். அப்படிப்பட்ட உறுப்பைப் புதுப்பிக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், ஆயிரக்கணக்கான நோயாளிகளில் பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்து, யாருக்கு மாரடைப்பு வந்தது, யார் இறந்தார்கள் என்று சில வருடம் பார்த்த கணக்கைக் காட்ட வேண்டும். ஸ்டேட்டின் அந்தச் சோதனையைத் தாண்டியது: 1994-இல் வெளியான ஆய்வில் 4,444 இதய நோயாளிகளிடம் சிம்வாஸ்டாட்டின் மரணத்தை 30 சதவீதம் குறைத்தது. இந்தக் கேப்ஸ்யூல்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. ‘பக்கவிளைவே கிடையாது’ என்பதையும் அந்த மாதிரிச் சோதனை இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: வாயால் சாப்பிடும் பெப்டைட் வயிற்றிலேயே செரித்துவிடாதா?

பதில்: பெரும்பாலும் செரித்துவிடும். இரண்டு, மூன்று அமினோ அமிலம் கொண்டவற்றை முழுதாக உள்ளே இழுக்கக் குடலில் தனி வாயில் உண்டு, நாலுக்கு அது பொதுவாகத் திறப்பதில்லை. உள்ளே போனாலும் ரத்தத்திலுள்ள நொதிகள் சீக்கிரமே வெட்டிவிடும். நீரிழிவுக்குத் தரும் செமாக்ளுடைட் என்ற பெப்டைட் மருந்தை மாத்திரையாக்க உறிஞ்சுவதற்கென்றே ஒரு துணைப் பொருள் சேர்க்கிறார்கள், அப்படியும் ரத்தத்தில் சேர்வது 1 சதவீதம் அளவுக்குத்தான்.

கேள்வி: அப்படியானால் பெப்டைட் என்றாலே ஏமாற்றா?

பதில்: இல்லவே இல்லை. ரத்த அழுத்தத்துக்குத் தரும் கேப்டோப்ரில், பிரேசிலின் ஜரராகா விரியன் பாம்பு விஷத்திலிருந்த பெப்டைடுகளைப் பார்த்து உருவாக்கிய மருந்துதான். செமாக்ளுடைடும் பெப்டைட்தான். 17,604 பேரை வைத்துச் செய்து 2023-இல் வெளியான ஆய்வில், ஏற்கெனவே இதய நோய் இருந்த, உடல் எடை கூடியவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்து 20 சதவீதம் குறைந்தன. நெசிரிடைடின் கதை வேறு. இதயமே சுரக்கும் பெப்டைடின் நகல் அது, இதயச் செயலிழப்பு நோயாளிகளின் மூச்சுத் திணறலைக் குறைக்கிறது என்று 2001-இல் அமெரிக்காவில் அனுமதியும் வாங்கியது, 2011-இல் சுமார் 7,000 பேரிடம் பார்த்தபோது மரணத்தையும் குறைக்கவில்லை, மீண்டும் மருத்துவமனையில் சேருவதையும் குறைக்கவில்லை. இயற்கையாக உடம்பில் இருக்கும் பெப்டைடுக்கே இந்தக் கதி.

‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று ஒட்டி விற்கும் ஊசிக் குப்பிகள் பக்கம் மட்டும் போகாதீர்கள். கிருமி நீக்கியதா, உள்ளே இருப்பது லேபிளில் சொன்னதுதானா என்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியே இல்லை. அப்பா கேப்ஸ்யூலை ஏற்கெனவே ஆரம்பித்திருந்தால் திட்டாதீர்கள், டப்பாவோடு அவரை இதய மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.