12 சென்ட் விளை

மதிப்பிற்குரிய ஐயா,

வளைகுடாவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, குமரி மாவட்டத்தில் கருங்கல் என்ற ஊருக்கு அருகே உள்ள எங்கள் பழைய வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன். வீடு போக 12 சென்ட் விளை, அதாவது மேட்டுத் தோட்ட நிலம், மிச்சமிருக்கிறது. நான்கு பேருக்கான உணவை இதிலேயே விளைவித்துத் தன்னிறைவாக வாழ முடியுமா? ஆனி மாதம் தக்காளி நட்டேன். காய்க்கும் முன்னரே எல்லாம் வாடிவிட்டது. கடையில் வாங்குவதே லாபம் என்கிறார் என் மனைவி.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தக்காளியைப் பொறுத்தவரை உங்கள் மனைவி சொல்வதே சரி. முந்தைய நாள் வரை பச்சையாக நின்ற செடி, இலைகூட மஞ்சளாகாமல் ஒரே பகலில் துவண்டு தொங்கியிருந்தால், அதன் தண்டை அறுத்து ஒரு கண்ணாடித் தம்ளர் நீரில் பிடித்துப் பாருங்கள்; வெட்டுவாயிலிருந்து பால்போல ஒரு நூல் இறங்கும். அது பாக்டீரியா வாடல் நோய். நமது புளிப்பேறிய செம்மண்ணும் ஓயாத மழையும் அதற்கு மிகவும் உகந்தவை. நானும் மூன்று முறை நட்டு, மூன்று முறையும் தோற்ற பிறகே புத்தி வந்து விட்டுவிட்டேன்.

முழுத் தன்னிறைவு என்ற ஆசையை அரிசியில் உரசிப் பார்த்துவிடலாம். மாதம் 25 கிலோ என்றால் ஆண்டுக்கு 300 கிலோ அரிசி வேண்டும். நல்ல வயலிலேயே ஒரு சென்டில் ஒரு போகத்துக்கு 20 முதல் 25 கிலோ நெல்தான் கிடைக்கும், உங்களிடம் இருப்பதோ விளை. அரிசியைக் கடையில் வாங்குங்கள், அதில் குறைவொன்றும் இல்லை. நம் பகுதி அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானமே பர்மா அரிசியை நம்பியிருந்த நாடுதான். 1942இல் அந்த வரத்து நின்றபோது ஏழை வீடுகளின் வயிற்றை நிரப்பியது, 1880 முதல் 1885 வரை ஆண்ட மன்னர் விசாகம் திருநாள் ஊக்குவித்துப் பரப்பிய மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு.

அந்த மரச்சீனியிலிருந்தே தொடங்கலாம். மூன்றடிக்கு ஒரு செடி வைத்தால் ஒரு சென்டில் 48 செடி பிடிக்கும். செடிக்கு 2 கிலோ என்று குறைத்தே கணக்கிட்டாலும் 90 கிலோவுக்கு மேல் வரும். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் நீலம் பாய்ந்து கெட்டுவிடும் என்பதால், பருவம் வந்த பிறகும் மண்ணுக்குள்ளேயே விட்டு, வேண்டிய அன்று வேண்டிய செடியை மட்டும் பிடுங்குவதே நம் வழக்கம். பெருச்சாளி பங்குக்கு வரும். அதற்கும் சேர்த்தே நட வேண்டியிருக்கிறது.

தேங்காய்க் கணக்கு இன்னும் எளிது. நாளுக்கு ஒரு தேங்காய் அரைக்கும் வீட்டுக்கு, ஆண்டுக்கு 80 காய் தரும் நெட்டைத் தென்னை ஐந்து போதும். 25 அடி இடைவெளியில் நின்றால் அவை விளையை அடைத்துக்கொள்வதும் இல்லை. தென்னையின் அடியில் நல்லமிளகுக் (குறுமிளகு) கொடியை ஏற்றிவிடுங்கள். அரைநிழலில் சேனை, சேம்பு, காச்சில் கிழங்கு, மஞ்சள் எல்லாம் வரும், மரச்சீனிக்கு மட்டும் திறந்த வெயில் வேண்டும். சமையலறைத் தண்ணீர் வெளியேறும் இடத்தில் மட்டி இன வாழை இரண்டு வைத்தால், அவற்றுக்கென்று தனியாக நீர் சுமக்க வேண்டியதில்லை. முருங்கை, கறிவேப்பிலை, தண்டங்கீரை ஆகியவற்றை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

உங்கள் மனைவியிடம், வீட்டில் ஒரு மாதத்தில் காய்கறிக்கும் தேங்காய்க்கும் ஆகும் செலவை எழுதி வைக்கச் சொல்லுங்கள். அந்தத் தாளில் பெரிய தொகையாக இருப்பது எதுவோ அதை முதலில் நடுங்கள். நம் பழைய விளைகள் இப்படி அடுக்களையைப் பார்த்தே அமைந்தவை. ரப்பர் வந்த பிறகுதான் அவை சந்தையைப் பார்க்கத் தொடங்கின என்பது என் எண்ணம்.

சேனைக்கு மட்டும் நாள் பார்த்தாக வேண்டும். கும்பத்தில் (மாசியில்) நட்டால் குடத்தளவு, மீனத்தில் (பங்குனியில்) நட்டால் மீன்கண்ணளவு என்பார்கள். மாசிக்கு முன் குழி எடுத்துச் சாணமும் சருகும் நிரப்பி வையுங்கள். மரச்சீனிக் கம்பை விலை கொடுத்து வாங்காதீர்கள்; கிழங்கு பிடுங்கிய வீட்டில் வேலியோரம் சாத்திவைத்திருப்பார்கள், கேட்டால் தருவார்கள். எந்த இனம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கசப்பு இனமாக இருந்தால் வேகவைத்த தண்ணீரை இரண்டு முறை வடித்துக் கொட்ட வேண்டியிருக்கும்.