அந்த ஒரு நிமிடத்துக்கு முன்னால்

வணக்கம் ஐயா,

எங்கள் கல்லூரி விழாவுக்காக அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் பற்றி இருபது நிமிட நாடகம் போடுகிறோம். நான்தான் எழுதி இயக்குகிறேன். நாள் முழுக்கத் தையல் வேலை பார்த்துக் களைத்துப்போன ரோசா பார்க்ஸ், பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு இடம்விட்டு எழுந்திருக்க மறுக்கும் அந்த ஒரு நிமிடம்தான் உச்சக்காட்சி. நடிப்பவர்கள் முகத்தில் கறுப்புச் சாயம் பூசலாமா? மார்ட்டின் லூதர் கிங்கின் உரையை ஆங்கிலத்திலேயே ஒலிக்கவிடலாமா? பார்ப்பவர்கள் அழவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கா., திருச்சி

அன்புள்ள கா.,

சாயம் பூசாதீர்கள். இதை இன்னும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருப்பதே எனக்கு வருத்தம். அமெரிக்காவில் நூறு வருஷத்துக்கும் மேலாக வெள்ளைக்கார நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு மேடையேறி, கறுப்பின மக்களை மடையர்களாகவும் சோம்பேறிகளாகவும் காட்டிக் காசு பார்த்தார்கள். அந்தக் கரியைப் பூசிக்கொண்டு அவர்களுக்கே அஞ்சலி செய்யக் கூடாது. உங்கள் பிள்ளைகள் அவரவர் முகத்தோடு நிற்கட்டும், அது போதும். உரை எந்த மொழியில் என்பது உங்கள் விருப்பம்.

என்னை எழுத உட்காரவைத்தது ‘களைத்துப்போன’ என்று நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு சொல். எங்கிருந்து எடுத்தீர்கள் அதை? 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸுக்கு வயது 42. அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே, கறுப்பின மக்களுக்காக வழக்காடிவந்த ஒரு சங்கத்தின், அவர் ஊரான மாண்ட்கோமரி கிளைக்குச் செயலாளர் ஆகிவிட்டவர். அந்த வருஷக் கோடையில் டென்னசியில் போராட்டக்காரர்களுக்கான பயிற்சிப் பள்ளி ஒன்றுக்குப் போய்வந்தவர். உடம்பு அன்று ஒன்றும் அசதியாக இல்லை, விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் அலுத்துப்போனது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அதே வருஷம் மார்ச்சில் கிளாடெட் கால்வின் என்ற பதினைந்து வயதுப் பெண் அதே ஊர் பஸ்ஸில் எழுந்திருக்க மறுத்துக் கைதானாள். அவள் உங்கள் நாடகத்தில் இருக்கிறாளா? ஓவியத்திலும் சிலையிலும் பெரும்பாலும் பார்க்ஸ் உட்கார்ந்தே இருக்கிறார். 2013இல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் வைத்த வெண்கலச் சிலையிலும் அப்படித்தான். அவர் கைதான அன்று ராத்திரி கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன், கல்லூரி சைக்ளோஸ்டைல் மெஷினில் பொழுது விடியும்வரை பல்லாயிரம் துண்டறிக்கை அடித்தாரே, அதை யார் சிலையாக வடித்தார்கள்? அந்தக் காகிதம் வீடு வீடாகப் போகாமல், மாண்ட்கோமரியின் கறுப்பின மக்கள் 381 நாள் நடத்திய பஸ் புறக்கணிப்பு ஏது?

கொஞ்ச நாளாக எனக்குள் ஓடிக்கொண்டிருப்பது இதுதான். இந்தப் போராட்டத்தை நாடகமாகப் போட நினைப்பவர்கள் அந்தப் போராட்டத்துக்குள்ளேயே நாடகம் இருந்ததைப் பார்ப்பதில்லை. ஜேம்ஸ் லாசன் என்ற இளைஞர் நாக்பூரில் ஹிஸ்லாப் கல்லூரியில் மூன்று வருஷம் வேலை பார்த்தவர், காந்தியின் வழிகளைப் படித்தவர். மாண்ட்கோமரி புறக்கணிப்புச் செய்தியை நாக்பூர் பத்திரிகையில்தான் முதலில் வாசித்தார். ஊர் திரும்பி நாஷ்வில் நகரில், ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மாணவர்களைக் கூட்டி நாற்காலிகளை ஓட்டல் கவுண்டர் போல வரிசையாகப் போட்டார். பாதிப் பேர் உட்காருவார்கள். மீதிப் பேர் வெள்ளை ரவுடிகளாக நடித்து முடியைப் பிடித்து இழுப்பார்கள், முகத்தில் சிகரெட் புகை விடுவார்கள், வாயில் வராத வசவெல்லாம் வைவார்கள். மாதக்கணக்கில் இந்த ஒத்திகை நடந்த பிறகுதான், 1960 பிப்ரவரி 13 அன்று, கறுப்பினத்தவர் உட்காரக் கூடாத கடைக் கவுண்டர்களில் போய் உட்கார்ந்தார்கள். இரண்டு வாரம் கழித்து நிஜமாகவே அடி விழுந்தது. அடித்தவர்களை விட்டுவிட்டு, உட்கார்ந்திருந்த 80 பேருக்கு மேல் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அந்த மாணவர்களில் ஒருவரான ஜான் லூயிஸ் தாளில் எழுதிக் கொடுத்த விதிகளில் ஒன்று: நிமிர்ந்து உட்கார், எப்போதும் கவுண்டரைப் பார்த்தே இரு.

படிக்கும்போது இது சின்ன விஷயமாகத்தான் எனக்கும் தெரிந்தது. சில வருஷம் முன்பு தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது வாஷிங்டனில் தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அவள் மகளோடு போனேன். இதே மாதிரி கிரீன்ஸ்பரோ ஊரில் வுல்வொர்த் கடையில் நான்கு கறுப்பின மாணவர்கள் காபி கேட்டு உட்கார்ந்த கவுண்டரின் ஒரு பகுதி, ஸ்டூல்களோடு அங்கே இருக்கிறது. அதே கடையில் பற்பசை வாங்கினால் காசை வாங்கிக்கொண்டு ரசீது கொடுப்பார்கள், உட்கார்ந்து காபி குடிக்கத்தான் கூடாது. அந்த இடத்தருகே ஒரு நடிகர், போராட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மாணவராக வந்து பார்வையாளர்களுக்கே பயிற்சி கொடுத்தார். என்னையும் கூப்பிட்டார். நேராகப் பார்த்து உட்கார்ந்தேன். அவர் எனக்குப் பின்னால் வந்து நின்று, தலையில் சூடான காபியை ஊற்றினால் என்ன செய்வாய் என்று மெதுவாகக் கேட்டார். நடிப்பு என்று தெரியும், எதிரே நாற்பது பேர் நிற்கிறார்கள் என்றும் தெரியும். ஆனால் கழுத்து தானாகத் திரும்பிவிட்டது, விரல்கள் மடங்கிவிட்டன. என் மருமகள், அப்போது பதினான்கு வயது, பக்கத்து நாற்காலியில் அசையாமல் இருந்தாள், கண்ணில் மட்டும் நீர் கோத்திருந்தது. வெளியே வந்ததும், “மாமா, திரும்பாம இருக்கறதுதான் கஷ்டம்” என்றாள். அவ்வளவு நாள் படித்ததெல்லாம் எனக்கு அந்த வாக்கியத்தில்தான் விளங்கியது.

அழவைக்கிற வேலையை விடுங்கள். பார்க்ஸை ஏழையாய், சோர்ந்தவராய்க் காட்டி வாங்குகிற கண்ணீர் அவருக்குச் செய்கிற மரியாதையே இல்லை. நாளைக்கு ஒத்திகையில் நான்கு நாற்காலி போட்டு நான்கு பேரை உட்காரவையுங்கள், மற்றவர்கள் பின்னால் போய் நிற்கட்டும், பேசக்கூட வேண்டாம். பத்து நிமிடம். அப்புறம் இடம் மாறி உட்காரச் சொல்லுங்கள். பின்னால் நின்றவர்களிடமும் என்ன தோன்றியது என்று கேளுங்கள். உங்கள் காட்சி அதிலிருந்து வரும்.

விழா என்றைக்கு என்று எழுதவில்லையே. தேதியைச் சொல்லுங்கள், வந்துவிடுகிறேன்.