பஸ்டர் கீட்டன், கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சாப்ளின் படங்களைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வருகிறேன். ‘சிட்டி லைட்ஸ்’ கடைசிக் காட்சியில் இன்றைக்கும் கண் கலங்கிவிடும். மௌனப்பட காலத்து நகைச்சுவை நடிகரும் இயக்குநருமான பஸ்டர் கீட்டனைப் பற்றி நீங்கள் அடிக்கடி எழுதுவதால் போன வாரம் அவருடைய ‘தி ஜெனரல்’ பார்க்க உட்கார்ந்தேன். பாதிக்கு மேல் முடியவில்லை. ரயில் ஓடுகிறது, அவர் ஓடுகிறார், முகத்தில் ஓர் அசைவும் இல்லை. அவருக்குச் சந்தோஷமா துக்கமா என்றே தெரியாதபோது நான் எப்படி அவரோடு சேர்ந்து சிரிப்பது? உயிரைப் பணயம் வைத்துச் சாகசம் செய்தார் என்பதற்காக ஒருவரைப் பெரிய கலைஞர் என்று சொல்லிவிடலாமா? கோபித்துக்கொள்ளாமல் பதில் எழுதுங்கள்.

செல்வகுமார்

அன்புள்ள செல்வகுமார்,

கோபப்பட இதில் எதுவும் இல்லை. 1926-ல் எடுத்த அந்தப் படம் அமெரிக்காவில் வெளியானபோது விமர்சகர்கள் பலரும் உங்கள் பக்கம்தான் இருந்தார்கள். போட்ட பணத்துக்கு வசூலும் இல்லை. அதை உலக சினிமாவின் உச்சங்களில் ஒன்றாகக் கொண்டாடியதெல்லாம் பல பத்தாண்டுகள் கழித்துத்தான்.

முதலில் அந்த முகம். கீட்டனின் அப்பா ஜோ, அம்மா மைரா இருவரும் மேடைக் கலைஞர்கள். ஊர் ஊராகப் போய் நிகழ்ச்சி நடத்திய குடும்பம். சின்னப் பையனாக இருந்த பஸ்டரை அப்பா மேடையில் தூக்கி வீசுவார். பையன் விழுவான், எழுவான், திரும்ப வீசப்படுவான். விழுந்து எழுந்து தான் சிரித்தால் கூட்டம் அவ்வளவாகச் சிரிப்பதில்லை, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டால்தான் அரங்கம் அதிர்கிறது என்பதை அந்த வயதிலேயே கண்டுகொண்டதாகப் பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். ஆக, அந்த முகம் தெரிந்தே பழக்கப்படுத்திக்கொண்டது. ஆனால் அது உணர்ச்சியற்ற முகம் என்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

நீங்கள் பார்த்த பகுதியிலேயே ஒரு காட்சி வருகிறது. ராணுவத்தில் சேராதவனோடு பேசமாட்டேன் என்று காதலி அனபெல் சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். கீட்டன் நடிக்கும் ஜானி தன் ரயில் எஞ்சினிடம் வருகிறான். சக்கரங்களை இணைக்கும் அந்த நீளமான இரும்புத் தண்டின் மேல் உட்காருகிறான். இதே இடத்தில் வேறு ஒருவர் கேமராவை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கண்ணீரைக் காட்டியிருப்பார். கீட்டன் கேமராவைத் தள்ளியே வைக்கிறார். பெரிய சக்கரங்கள், நடுவில் தலை கவிழ்ந்த ஒரு சின்ன ஆள். உள்ளே யாரோ எஞ்சினைக் கிளப்புகிறார்கள். தூளியில் போட்ட குழந்தையை ஆட்டுவதுபோல அந்தத் தண்டு அவனை மேலே தூக்குகிறது, கீழே இறக்குகிறது, மறுபடி தூக்குகிறது. அவனுக்குத் தெரியவே இல்லை. கொட்டகைக்குள் எஞ்சின் நுழையப்போகும் நேரத்தில்தான் சட்டென்று உணர்கிறான். தான் நகர்வதுகூடத் தெரியாத அளவுக்கு ஒருவன் உடைந்துபோயிருக்கிறான் என்றால் அதைவிட என்ன துக்கம் வேண்டும்? சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. இரண்டையும் முகத்தைக் கொண்டு அவர் செய்யவில்லை. (கிளம்பும்போது நீராவி கொஞ்சம் கூடிப்போய்ச் சக்கரம் வழுக்கிச் சுற்றியிருந்தால் அவர் உயிரோடு மிஞ்சியிருக்கமாட்டார். அது நிஜ எஞ்சின்.)

நான் சொல்ல வருவது இதுதான். சாப்ளினைப் பார்க்கும்போது நம் கண் அவர் முகத்தில் நிற்கிறது. கீட்டனைப் பார்க்கும்போது திரை முழுவதையும் பார்க்கவேண்டும். அவர் எங்கே நிற்கிறார், அவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது, அது எந்தப் பக்கம் சாயப்போகிறது. நகைச்சுவை அங்கேதான் நடக்கிறது.

சாகசம் பற்றிய கேள்விக்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ (1928) படத்தின் புயல் காட்சியைப் பாருங்கள். ஒரு வீட்டின் முன்சுவர் அப்படியே பெயர்ந்து அவர் மேல் விழுகிறது. மாடி ஜன்னல் திறப்பு சரியாக அவர் நிற்கும் இடத்தில் வந்து இறங்க, அவர் பிழைக்கிறார். கனமான, நிஜமான சுவர். அவரைச் சுற்றி இருந்த இடைவெளி சில அங்குலம்தான். உயிரைப் பணயம் வைக்க எத்தனையோ பேர் தயாராக இருந்திருக்கலாம். சுவர், ஜன்னல், ஆள் மூன்றும் ஒரே சட்டகத்தில், நடுவே வெட்டு இல்லாமல் தெரியவேண்டும், இல்லாவிட்டால் யாரும் நம்பமாட்டார்கள் என்று முடிவெடுத்தது இயக்கத் தெரிந்த மூளை. அந்தப் படத்தில் இயக்குநராக வேறொருவர் பெயர் இருக்கிறது; அந்தக் காட்சியில் இருப்பது கீட்டனின் கண்.

வெட்டு வேண்டிய இடத்தில் அதையே நகைச்சுவையாக்கவும் அவருக்குத் தெரியும். ‘ஷெர்லாக் ஜூனியர்’ (1924) படத்தில் அவர் ஒரு தியேட்டர் ஆபரேட்டர். தூங்கிப்போய், கனவில், ஓடிக்கொண்டிருக்கும் படத்துக்குள் நடந்து போய்விடுகிறார். படத்தில் காட்சி மாறிக்கொண்டே இருக்கிறது, அவர் மட்டும் மாறுவதில்லை. தோட்டத்து பெஞ்சில் உட்காரப் போகிறார், அது நெரிசலான தெருவாகிவிடுகிறது, மல்லாக்க விழுகிறார். கடல் நடுவே பாறையிலிருந்து தண்ணீருக்குள் குதிக்கிறார், பனிக்குவியலில் தலைகுப்புற விழுகிறார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். கேமராவுக்கும் தனக்கும் உள்ள தூரத்தை நில அளவைக் கருவிகளால் அளந்து, ஒவ்வோர் இடத்திலும் அதே புள்ளியில் அதே நிலையில் நின்றிருக்கிறார். இதே படத்தின் வேறொரு காட்சியில் ரயில்வே தண்ணீர்த் தொட்டிக் குழாயிலிருந்து கொட்டிய தண்ணீர் அவரைத் தண்டவாளத்தில் மோதவைத்தது. கழுத்தெலும்பு முறிந்திருந்தது பல வருடங்கள் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் தெரியவந்தது.

1928-ல் அவர் தன் விருப்பப்படி படமெடுத்து வந்த ஏற்பாட்டை விட்டு எம்.ஜி.எம். என்ற பெரிய பட நிறுவனத்துக்குப் போனார். போகாதே என்று சாப்ளினே சொன்னாராம். அங்கே முதல் படம் ‘தி கேமராமேன்’ அருமையாக வந்தது. அப்புறம் கதை, காட்சி எல்லாவற்றையும் மற்றவர்கள் முடிவு செய்தார்கள், குடியும் சேர்ந்துகொண்டது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. சுவரையும் ரயிலையும் கணக்குப் பிசகாமல் கையாண்டவருக்கு, ஒரு காட்சியை எப்படி எடுக்கவேண்டும் என்று அடுத்தவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? ‘ஒன் வீக்’ (1920) பாருங்கள். இருபது நிமிடச் சொச்சம்தான். புதுமணத் தம்பதிக்குப் பெட்டிகளில் வந்து சேரும் வீடு. எண் போட்டபடி பாகங்களைப் பொருத்தவேண்டும். பொறாமைக்காரன் ஒருவன் எண்களை மாற்றிவிடுகிறான். கோணல்மாணலாக எழும் அந்த வீட்டையும், அதில் இருவரும் குடித்தனம் நடத்தப் படும் பாட்டையும் பாருங்கள். கீட்டனுக்கு மனைவியிடம் இருக்கும் பிரியம் அவர் சிரிக்காமலே உங்களுக்குத் தெரிந்துவிடும். செல்போனில் வேண்டாம், பெரிய திரையில் பாருங்கள். தூரத்தில் நிற்கும் ஆள் போனில் புள்ளியாகிவிடுவார். வீட்டில் யாரையாவது கூட உட்காரவைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் பிரதிகள் சிலவற்றில் வேகம் கூடியிருக்கும், நல்ல பிரதியாகத் தேடி எடுங்கள்.

அது பிடித்தால் ‘ஷெர்லாக் ஜூனியர்’, அடுத்து ‘ஸ்டீம்போட் பில்’. சாப்ளினை விடவேண்டிய அவசியமே இல்லை. ‘லைம்லைட்’ (1952) படத்தில் இருவரும் ஒரே மேடையில் நிற்கிறார்கள், அதையும் பாருங்கள். ‘ஜெனரல்’ பக்கம் அதற்கெல்லாம் பிறகு போனால் போதும்.

அன்புடன்